தாயக்கட்டையை உருட்டி நிகழ்தகவு படிப்போம்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு கடைசிப் பாடத்தின் பின்பாதியில் இருக்கிறது. எட்டாவது பாடம், முதலில் புள்ளியியல், அப்புறம் இது. வகுப்பு அந்தப் பக்கத்துக்கு வந்து சேரும்போது ஆசிரியருக்கு நேரம் இருக்காது, பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. மதுரை பழங்காநத்தத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கும் எனக்கு வருடா வருடம் இதே கதைதான். "சார், சூத்திரத்தை மட்டும் சொல்லுங்க, போதும்" என்று வந்து உட்காருவார்கள். சூத்திரம் ஒரே வரி: சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும். பிறகு ஏன் மதிப்பெண் போகிறது? வகுப்பதில் யாரும் தப்பு செய்வதில்லை, எண்ணுவதில் செய்கிறார்கள். எண்ணியது சரியாக இருந்தாலும், எண்ணியவை எல்லாம் ஒரே எடை கொண்டவைதானா என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அதனால் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து நடுவில் போடுவேன். நீங்களும் அப்படியே ஆரம்பிக்கலாம். இரண்டு தாயக்கட்டை, இரண்டு நாணயம், ஒரு நோட்டு போதும். கட்டை இல்லையென்றால் பென்சில் நீளத்துக்கு இரண்டு மரக்குச்சியை நாலு பட்டையாகச் சீவி, ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு மற்றதில் 1, 2, 3 புள்ளி வையுங்கள்.

முதல் படி: என்னென்ன நடக்கலாம் என்று எழுதுங்கள்

நிலம் வாங்கலாமா, இந்த வரன் சரிதானா என்று மனசு ஊசலாடினால் நம் பக்கம் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சாமி என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும். கணக்குப்படி இது அருமையான ஏற்பாடு. பொட்டலம் ஒன்றுபோல இருக்கிறது, எடுக்கிற பிள்ளைக்கு எதில் எது என்று தெரியாது. என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் என்னென்ன வரலாம் என்று சொல்லிவிடலாம். இப்படிப்பட்டதைத்தான் புத்தகம் சமவாய்ப்புச் சோதனை என்கிறது. வரக்கூடிய எல்லாவற்றையும் எழுதிய பட்டியல் கூறுவெளி. அதிலிருந்து நமக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்தால் நிகழ்ச்சி. இங்கே கூறுவெளியில் இரண்டே உருப்படி. வெள்ளைப் பூ வருவதற்கான நிகழ்தகவு 1/2.

இப்போது இரண்டு நாணயத்தைச் சுண்டுங்கள். குறைந்தது ஒரு தலையாவது விழ நிகழ்தகவு எவ்வளவு? என்னிடம் வரும் பத்துப் பேரில் நாலைந்து பேராவது 2/3 என்பார்கள். "ரெண்டும் தலை, ரெண்டும் பூ, ஒண்ணு தலை ஒண்ணு பூ. மொத்தம் மூணு, அதுல ரெண்டு நமக்குச் சாதகம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நாணயத்தில் கொஞ்சம் மஞ்சள் தடவிவிட்டு மறுபடி எழுதச் சொல்வேன். மஞ்சள் நாணயம் தலை, மற்றது பூ என்பது ஒரு விளைவு. மஞ்சள் பூ, மற்றது தலை என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. ஆக மொத்தம் நான்கு, சாதகம் மூன்று, விடை 3/4. மஞ்சள் தடவியதால் நாணயம் மாறிவிடவில்லை. முன்பும் நான்குதான் இருந்தது, நம் கண்ணுக்கு மூன்றாகத் தெரிந்தது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரான்சின் பெரிய கணித அறிஞர் தாலம்பேர், 1754-இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் கிட்டத்தட்ட இதே தப்பைச் செய்தார். ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டுகிறோம். முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூவுக்குப் பின் தலை, அல்லது பூவுக்குப் பின் பூ. வகை மூன்று, ஆகவே 2/3 என்பது அவர் வாதம். முதல் வகை மற்ற இரண்டைவிட இரண்டு மடங்கு கனமானது என்பதை அவர் கவனிக்கவில்லை.

இரண்டாம் படி: கட்டம் போட்டு எண்ணுங்கள்

தாயக்கட்டைக்கு வருவோம். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு நீளப் பக்கங்கள்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டினால் மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுகிறோம். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் இல்லை, பன்னிரண்டு. எங்கள் வீட்டு வழக்கப்படி 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். உங்கள் வீட்டு விதிப்படி கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு பொருள் சம்பந்தப்பட்ட கணக்கு என்றாலே கட்டம் போட்டுவிடுங்கள். முதல் கட்டை இடப்பக்கம், இரண்டாவது மேலே 0, 1, 2, 3 என்ற வரிசையில். வெறும் பக்கத்தை 0 என்று எழுதியிருக்கிறேன்.

முதல் கட்டை 0 என்றால்: 12, 1, 2, 3
முதல் கட்டை 1 என்றால்: 1, 2, 3, 4
முதல் கட்டை 2 என்றால்: 2, 3, 4, 5
முதல் கட்டை 3 என்றால்: 3, 4, 5, 6

பதினாறு கட்டம். விரலை வைத்து எண்ணுங்கள். தாயம் இரண்டு இடத்தில், 2 மூன்று இடத்தில், 3 நான்கு இடத்தில், 4 மூன்று இடத்தில், 5 இரண்டு இடத்தில், 6 ஒரே இடத்தில், 12 ஒரே இடத்தில். கூட்டிப் பாருங்கள்: 2 + 3 + 4 + 3 + 2 + 1 + 1 = 16. இப்படிக் கூட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எல்லா நிகழ்தகவும் சேர்ந்து 1 வரவில்லையென்றால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒன்றை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள்.

ஆக, தாயம் விழ நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. மறு உருட்டு கிடைக்க 1, 5, 6, 12 நான்கையும் சேர்த்தால் 2 + 2 + 1 + 1 = 6; 6/16 அல்லது 3/8. அதிகம் விழுவது மூன்று. அந்த மூன்றுக்கு மறு உருட்டு இல்லை, பெரிய நகர்வும் இல்லை. அரிதாக விழும் ஆறுக்கும் பன்னிரண்டுக்கும்தான் மரியாதை. இந்த விதிகளை ஏற்படுத்தியவர்கள் கட்டம் போட்டு எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆண்டாண்டு காலமாக உருட்டி உருட்டி, எது அரிது என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கீழடி அகழாய்வில் தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போனால் பகடைக்காய்களின் முன் கொஞ்சம் நேரம் நின்று பாருங்கள்.

மூன்றாம் படி: எல்லாம் சமமா என்று கேளுங்கள்

பிள்ளைகள் தாவிக் குதித்துப் போகும் இடம் இதுதான். சூத்திரம் செல்லுபடியாக வேண்டுமென்றால் எண்ணிய விளைவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும். கேள்வித்தாளில் 'சீரான நாணயம்', 'சீரான பகடை' என்று போடுகிறார்களே, அந்தச் 'சீரான' அலங்காரச் சொல் இல்லை. அது இல்லையென்றால் கணக்கே இல்லை.

மீனாட்சியம்மன் கோயிலையே எடுத்துக்கொள்வோம். 2018-இலிருந்து உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லை. நீங்களும் நண்பரும் கூட்டத்தில் பிரிந்துவிட்டீர்கள், எங்கே சந்திப்பது என்று பேசி வைக்கவில்லை. நான்கு பக்கமும் வாசல். ஆளுக்கொரு வாசலை யோசிக்காமல் தேர்ந்தெடுத்து அங்கே போய் நின்றால் சந்திக்க நிகழ்தகவு என்ன? கட்டம் போடுங்கள்: 4 × 4 = 16 ஜோடி. கிழக்கு–கிழக்கு, தெற்கு–தெற்கு, மேற்கு–மேற்கு, வடக்கு–வடக்கு என்று நான்குதான் சாதகம். விடை 1/4.

சரி, ஆனால் மதுரையில் யாராவது அப்படி வாசலைத் தேர்ந்தெடுப்பார்களா? செருப்பை விட்ட பக்கம்தான் கால் திரும்பும். வெளியூரிலிருந்து வருகிறவர் கிழக்கே அம்மன் சன்னதி வாசலைத்தான் தேடுவார். ஒவ்வொருவரும் கிழக்குப் பக்கம் வர 1/2, மற்ற மூன்று பக்கத்துக்கும் தலைக்கு 1/6 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கிழக்கே சந்திக்க 1/2 × 1/2 = 1/4. மற்ற பக்கம் ஒவ்வொன்றிலும் 1/6 × 1/6 = 1/36, மூன்றுக்கும் சேர்த்து 3/36, அதாவது 1/12. மொத்தம் 1/4 + 1/12 = 1/3. வாசல் அதே நான்குதான், எடை மாறியதும் விடையும் மாறிவிட்டது.

எண்ணியே கண்டுபிடிக்க முடியாத கணக்கும் உண்டு. தாயக்கட்டைக்குப் பதிலாக ஆறு சோழியைக் குலுக்கிப் போட்டு விளையாடும் வீடுகள் இருக்கின்றன. ஒரு சோழி நிமிர்ந்து விழும், அல்லது கவிழ்ந்து விழும். இரண்டே வகை என்பதால் பாதிக்குப் பாதி என்று எழுதிவிடாதீர்கள். சோழியின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் தட்டை. எந்தப் பக்கம் அதிகம் விழும் என்பது அந்தச் சோழியின் வாகைப் பொறுத்தது. உட்கார்ந்து நூறு முறை போட்டுக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நூறில் 58 முறை கவிழ்ந்தால் 58/100 என்பது உங்கள் மதிப்பீடு. இதற்குப் பட்டறி நிகழ்தகவு என்று பெயர். ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடும்.

பழைய தாயக்கட்டையையும் இப்படிச் சோதிக்கலாம். ஒரே கட்டையை 200 முறை உருட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 50 முறை விழ வேண்டும். 44 வந்தாலும் 57 வந்தாலும் கவலை வேண்டாம், அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. ஒரே பக்கம் 80 தடவை விழுந்தால் கட்டையில் கோளாறு, அல்லது உருட்டுகிறவர் கையில்.

நான்காம் படி: சாதக விகிதம்

நிகழ்தகவு என்றால் மொத்தத்தில் நம் பங்கு எவ்வளவு. சாதக விகிதம் என்றால் நமக்கு வேண்டியதற்கும் வேண்டாததற்கும் உள்ள விகிதம். பதினாறில் இரண்டு தாயம், பதினான்கு தாயம் அல்லாதது. 2 : 14, சுருக்கினால் 1 : 7. தெருவில் "ஒண்ணுக்கு ஏழு" என்பது இதைத்தான்.

ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது எளிது. சாதக விகிதம் 1 : 7 என்றால் இரண்டையும் கூட்டி 8 என்று கீழே போட்டு நிகழ்தகவு 1/8. பாதிப் பேர் அவசரத்தில் 1/7 என்று எழுதுவார்கள். விகிதத்தில் மொத்தம் எழுதப்பட்டிருக்காது. நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதனால் என்ன பயன்? பந்தயம் நியாயமா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். நண்பன் சொல்கிறான்: "தாயம் விழுந்தா அம்பது ரூபா தர்றேன், விழலேன்னா நீ பத்து ரூபா குடு." அம்பதா என்று வாயைப் பிளக்காதீர்கள். எட்டு உருட்டில் சராசரியாக ஒரு தடவை 50 வரும், ஏழு தடவை பத்துப் பத்தாக 70 போகும். எட்டு உருட்டுக்கு இருபது ரூபாய் நஷ்டம். 1 : 7 என்றால் பத்துக்கு எழுபது தந்தால்தான் சரிக்குச் சரி.

இன்னொன்று. பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசையாக வரும்போது வகுப்பில் வேறு பேச்சே இருக்காது. பக்கத்து வீட்டுக் காளை இதுவரை 12 முறை வாடிவாசலில் அவிழ்த்துவிடப்பட்டு 3 முறை பிடிபட்டது என்று வைத்துக்கொள்வோம். பிடிபடுவதற்கான சாதக விகிதம் 3 : 9, அதாவது 1 : 3. நிகழ்தகவு 3/12, அதாவது 1/4. ஆனால் இது சோழிக் கணக்குப் போலத்தான், பார்த்ததை வைத்துச் சொல்வது. பன்னிரண்டு என்பது ரொம்பக் குறைவு. அடுத்த வருடம் காளைக்கும் ஒரு வயது கூடியிருக்கும்.

ஐந்தாம் படி: எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது

'அல்லது' வந்தால் கூட்டு, 'மற்றும்' வந்தால் பெருக்கு என்று மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். பாதி உண்மைதான். கூட்டுவதற்கு இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க முடியாதவையாக இருக்க வேண்டும். ஒரே உருட்டில் தாயமும் ஆறும் சேர்ந்து விழாது; அதனால் தாயம் அல்லது ஆறு விழ 2/16 + 1/16 = 3/16. சேர்ந்து நடக்கக்கூடியவை என்றால் இரண்டு தடவை எண்ணிய பங்கை ஒரு தடவை கழிக்க வேண்டும்.

பெருக்குவதில் கவனிக்க வேண்டியது, முதலில் நடந்தது அடுத்ததை மாற்றுகிறதா என்பது. ஒரு டப்பாவில் 5 கடலை மிட்டாய், 3 எள்ளு மிட்டாய். எல்லாம் ஒரே அளவு, ஒரே தாள் சுற்றியது. பார்க்காமல் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்று எடுக்கிறீர்கள். இரண்டும் கடலையாக இருக்க? முதலில் 5/8. அது வயிற்றுக்குள் போய்விட்டது, மீதி ஏழு மிட்டாய், அதில் கடலை நான்கு. எனவே 5/8 × 4/7 = 20/56 = 5/14. எடுத்ததைத் திரும்ப டப்பாவிலேயே போட்டிருந்தால் 5/8 × 5/8 = 25/64. கேள்வியில் 'திரும்ப வைக்கப்படாமல்' என்ற சொல் ஒளிந்திருக்கும். அதன் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று கடலை, ஒன்று எள்ளு வர? இங்கே மஞ்சள் தடவிய நாணயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடலை பிறகு எள்ளு 5/8 × 3/7 = 15/56. முதலில் எள்ளு பிறகு கடலை 3/8 × 5/7, அதுவும் 15/56. இரண்டையும் கூட்டி 30/56. இரண்டும் எள்ளாக வர 3/8 × 2/7 = 6/56. சரி பாருங்கள்: 20 + 30 + 6 = 56.

ஆறாம் படி: 'குறைந்தது ஒன்று' என்றால் தலைகீழாகப் போங்கள்

மூன்று முறை உருட்டுகிறீர்கள், குறைந்தது ஒரு தாயமாவது விழ நிகழ்தகவு என்ன? ஒன்று விழலாம், இரண்டு விழலாம், மூன்றும் விழலாம் என்று போனால் தலை சுற்றும். ஒன்றுகூட விழாமல் போவதைக் கணக்கிடுங்கள்: 7/8 × 7/8 × 7/8 = 343/512. அதை 1-லிருந்து கழித்தால் 169/512, ஏறத்தாழ மூன்றில் ஒன்று. புத்தகம் இதை நிரப்பு நிகழ்ச்சி என்று சொல்லும்.

நிகழ்தகவு என்ற பாடம் வளர்ந்ததே இந்த மாதிரிக் கேள்வியால்தான். செவாலியே த மேரே என்ற பிரெஞ்சுச் சூதாடி, ஆறு முகப் பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம் என்பதை அறிந்திருந்தார். அப்படியானால் இரண்டு பகடையை 24 முறை உருட்டினால் ஒரு இரட்டை ஆறாவது விழ அதே வாய்ப்பு இருக்க வேண்டுமே? ஆறுக்கு நான்கு என்றால் முப்பத்தாறுக்கு இருபத்து நான்கு, விகிதம் பொருந்துகிறது. ஆனால் கணக்கு பொருந்தவில்லை. முதலாவது 1 − (5/6)⁴ = 671/1296, அதாவது 51.8 விழுக்காடு. இரண்டாவது 1 − (35/36)²⁴, அதாவது 49.1 விழுக்காடு. பாதிக்கு மேல் ஒன்று, பாதிக்குக் கீழ் ஒன்று. சூதாட்டம் பற்றி அவர் எழுப்பிய கேள்விகள்தான் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் எழுதிக்கொண்ட கடிதங்களுக்கு வித்திட்டன.

உங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்க ஒன்று: 40 பேர் இருந்தால் யாராவது இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வர வாய்ப்பு எவ்வளவு? எல்லாருக்கும் வேறு வேறு நாளாக இருப்பதைக் கணக்கிட்டுக் கழித்தால் 89 விழுக்காடு வரும். 23 பேர் இருந்தாலே பாதியைத் தாண்டிவிடும். வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டைக்கு ஞாபகசக்தி இல்லை

என் பாட்டி தாயம் ஆடும்போது ஏழெட்டு உருட்டாகத் தாயம் விழவில்லையென்றால், "இனி விழுந்துதான் ஆகணும்" என்பார். அதையும் தாண்டிவிட்டால், "இன்னைக்கு நேரம் சரியில்லை" என்று கட்டையை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். இரண்டுமே தப்பு. அடுத்த உருட்டிலும் தாயத்துக்கு அதே 1/8தான். முன்பு என்ன விழுந்தது என்பது பித்தளைக்குத் தெரியாது. பத்து உருட்டு தாயமே விழாமல் போவதற்கான நிகழ்தகவு (7/8)¹⁰, ஏறத்தாழ 26 விழுக்காடு. நாலு பேர் ஆடினால் சராசரியாக அதில் ஒருவருக்கு இது நடக்கும், நேரத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

பாட்டியாவது புளியங்கொட்டையைத்தான் வைத்து ஆடினார். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சுழலும் சக்கரத்தில் பந்து கறுப்பில் விழுமா சிவப்பில் விழுமா என்று பணம் கட்டும் ரௌலட் மேசையில் கறுப்பே தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனி சிவப்புதான் என்று சுற்றுக்குச் சுற்று பணத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் அன்று பெருந்தொகையை இழந்தார்கள்.

போகிற போக்கில் தேர்வுக்கு ஒரு விஷயம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக மூன்றரை சரியாகும். பதினான்கும் சரியாக 4¹⁴-இல் ஒன்று, அதாவது 26 கோடியே 84 லட்சத்துச் சொச்சத்தில் ஒன்று. ஆனால் ஒன்றுகூடச் சரியாகாமல் போக நிகழ்தகவு 1.8 விழுக்காடுதான். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் தெரியாததையும் வெறுமனே விடாதீர்கள்.

கடைசியாக ஒரு முழுக் கணக்கு: லங்கர் கட்டை

ஒன்பதாவது படிக்கும்போது சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், ராட்டினத்துக்கு என்று அப்பா கொடுத்த நாற்பது ரூபாயை லங்கர் கட்டையில் விட்டேன். லங்கர் என்றால் நங்கூரம். ஆறு முகத்திலும் படம்: கிரீடம், நங்கூரம், அப்புறம் சீட்டுக்கட்டின் நான்கு வகைகள். கீழே விரித்த துணியிலும் அதே ஆறு படம். ஒரு படத்தின் மேல் பணம் வைக்க வேண்டும். எங்களிடம் மூன்று கட்டையைக் குலுக்கிக் கவிழ்த்தார்கள். உங்கள் படம் ஒரு கட்டையில் வந்தால் வைத்த பணத்தோடு அதே அளவு, இரண்டில் வந்தால் இரண்டு மடங்கு, மூன்றிலும் வந்தால் மூன்று மடங்கு. வராவிட்டால் போச்சு. இது சட்டப்படி தடை செய்யப்பட்ட சூதாட்டம், அப்போதும் அப்படித்தான்.

அன்று என் மனக்கணக்கு இப்படி ஓடியது: ஒரு கட்டையில் 1/6, மூன்று கட்டை, 3/6, பாதிக்குப் பாதி. ஜெயித்தால் சில சமயம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறு. அப்படியானால் எனக்குத்தானே லாபம்!

இந்த இடத்தில் நிறுத்தி நீங்களே தப்பைக் கண்டுபிடியுங்கள். மூன்று கட்டையும் ஒரே சமயத்தில் என் படத்தைக் காட்டலாம், ஆகவே அப்படியே கூட்டக் கூடாது. ஆறாம் படியில் சொன்னபடி தலைகீழாகப் போவோம். மொத்த விளைவு 6 × 6 × 6 = 216. என் படம் எதிலும் வராதது 5 × 5 × 5 = 125. வருவது 91. நிகழ்தகவு 91/216, ஏறத்தாழ 42 விழுக்காடு. சாதக விகிதம் 91 : 125.

அந்த 91-ஐப் பிரிப்போம். சரியாக ஒரு கட்டையில்: எந்தக் கட்டை என்பதற்கு 3 வழி, மற்ற இரண்டும் வேறு படமாக 5 × 5, 75. சரியாக இரண்டில்: 3 × 5 = 15. மூன்றிலும்: 1. பத்துப் பத்து ரூபாயாக 216 ஆட்டம், ஒவ்வொரு விளைவும் ஒரு தடவை வருவதாக வைத்துக்கொண்டால் கிடைப்பது 75 × 10 + 15 × 20 + 1 × 30 = 1080. போவது 1250. நஷ்டம் 170 ரூபாய். பத்து ரூபாய்க்குச் சராசரியாக 79 பைசா. நான் இழந்த நாற்பது இந்தச் சராசரியைவிட ரொம்ப அதிகம்தான்; நாலே ஆட்டத்தில் சராசரியை எதிர்பார்க்கக் கூடாது.

இப்போது கட்டை குலுக்குகிறவர் பக்கம் போய் உட்காருங்கள். ஆறு படத்திலும் ஆளுக்குப் பத்து ரூபாய் வைத்திருக்கிறார்கள். மூன்று கட்டையிலும் வேறு வேறு படம் விழுந்தால், தோற்ற மூவரிடம் முப்பதை எடுத்து ஜெயித்த மூவருக்கு முப்பது கொடுக்கிறார். அவருக்கு ஒரு காசு இல்லை. இது 216-இல் 6 × 5 × 4 = 120 தடவை. மூன்றும் ஒரே படமாக விழுவது 6 தடவை. ஐந்து பேரிடம் ஐம்பதை எடுத்து ஒருவருக்கு முப்பது கொடுக்கிறார், இருபது மிச்சம். மீதி 90 தடவை ஜோடி விழும். நான்கு பேரிடம் நாற்பது வாங்கி, ஜோடிக்காரருக்கு இருபது, இன்னொருவருக்குப் பத்து.

எந்த விளைவிலும் அவருக்கு நஷ்டம் இல்லை. ஜோடி விழும்போதுதான் கூட்டம் அதிகமாகக் கூச்சல் போடும், ரெட்டை அடித்தவன் தோளில் நாலு பேர் தட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து மிச்சம் பத்து ரூபாயை மடித்து அவர் தன் பைக்குள் போட்டுக்கொள்வார்.